கண்ணுக்கு எட்டாத புள்ளிகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபாவின் சாய்விலிருந்து எதிர்ச்சுவர் வரையில் டேப்பை விரித்து அளந்தபோது அது சரியாக ஒன்பதடி இருந்தது. ஐம்பத்தைந்து அங்குலத்தில் 4கே தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கி, ஆள் வைத்துச் சுவரில் துளையிட்டு மாட்டி, ஒரு மாத காலம் அதைப் பார்த்து முடித்த பிறகே அந்த அளவை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றிற்று. கடைக்குப் புறப்படும் முன்னரே அதை எடுத்திருக்க வேண்டும் என்பதையும், கடையில் எனக்கு விளக்கம் சொன்ன இளைஞரோ, பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எழுத்துக்களோ, நான் பார்த்த விளம்பரங்களோ அந்த ஒன்பதடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதையும் நினைக்க நினைக்க, இந்த விஷயத்தைச் சற்று விரிவாக எழுதுவது அவசியம் என்று பட்டது.

“இது 4கே சார்; இன்னும் கொஞ்சம் பட்ஜெட் கூட்டினீங்கன்னா 8கே-யே பார்க்கலாம். ரெண்டு மூணு வருஷத்துல எல்லாமே அதுதான்” என்றார் அந்த இளைஞர். அவர் பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. அவருக்குக் கற்பித்ததை அவர் நம்பிக்கையோடு சொன்னார். திரையில் அப்போது கிளியின் இறகு ஒன்று, இழை இழையாகப் பிரிந்து தெரியும்படி, மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அடுத்துத் தேன் ஒழுகிற்று. அதற்கடுத்து ஏதோ ஓர் அந்நிய நகரம் இரவில் கோடி தீபங்களோடு ஒளிர்ந்தது. நான் திரைக்கு மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். கடைகளில் எல்லோரும் அந்த இடத்தில்தான் நிற்கிறோம். வீட்டில் யாரும் அந்த இடத்தில் உட்காருவதில்லை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணக் குடும்பத்தின் கூடத்தில் 8கே என்பதற்குப் பிரயோஜனம் ஏதுமில்லை. 4கே-க்குப் பிரயோஜனம் உண்டு, ஆனால் அது நாம் கொடுக்கும் மதிப்பைக் காட்டிலும் மிகச் சிறியது. நம் வீட்டுத் திரைகளில் படம் நன்றாக இல்லை என்றால் அதற்குக் காரணம் திரையில் புள்ளிகள் போதாமை அன்று, அந்தத் திரைக்கு வந்து சேரும் படத்தின் வறுமையே. இதை வெறும் ருசி பேதமாக விட்டுவிடாமல் கணக்காலும் அனுபவத்தாலும் ஸ்தாபிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

பிக்சல் என்று நாம் சொல்லிப் பழகிவிட்ட படப்புள்ளிகளின் தொகையே இந்தப் பெயர்களின் அடிப்படை. பழைய தூரதர்ஷன் படத்தில் கண்ணுக்குத் தெரியும் கிடைக்கோடுகள் 576. அதைப் புள்ளிகளாக்கினால் சுமார் நாலு லட்சம். முழு ஹெச்.டி. எனப்படுவதில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080, ஆகக் கிட்டத்தட்ட 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். வீட்டு 4கே-யில் 3840-ம் 2160-மாக ஏறக்குறைய 83 லட்சம். 8கே-யில் 7680-ம் 4320-மாக மூன்று கோடியே 31 லட்சத்துக்கும் மேல். இதில் ஒரு சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். ஹெச்.டி. வரையில் உயரத்தைச் சொல்லி 1080 என்று பெயரிட்டு வந்தவர்கள், அதற்கு அடுத்த படியில் திடீரென்று அகலத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். கோடுகள் இரட்டித்திருக்க, 1080-லிருந்து நாலாயிரத்துக்குத் தாவியதுபோல் எண் மட்டும் நான்கு மடங்கு பெருத்துவிட்டது. வாங்குகிறவருடைய மனத்தில் அந்தப் பெருக்கமே நிற்கிறது.

ஆனால் புள்ளிகளை எண்ணுவது யந்திரம். அவற்றைக் காண்பது கண். கண்ணின் சக்திக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நாம் ஒவ்வொருவரும் கண் வைத்தியரிடம் போய் உட்காரும்போது பிரத்தியட்சமாகக் காண்கிறோம். மேலிருந்து கீழே வர வர எழுத்துக்கள் சிறுத்துக்கொண்டே போகும் அந்த அட்டையை, ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் நகரில் வைத்தியராக இருந்த ஹெர்மன் ஸ்நெல்லன் 1862-ல் வகுத்தார். நம் ஜோதிட சாஸ்திரத்தில் வட்டத்தை 360 பாகையாகவும், பாகையை 60 கலையாகவும் பிரிப்பது பழைய சம்பிரதாயம். ஸ்நெல்லனுடைய கணக்கும் அந்தக் கலையிலேயே நிற்கிறது. ஆறு மீட்டர் தூரத்தில் ஐந்து கலை உயரமுள்ள எழுத்தை, அதாவது ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த எழுத்தை, அதன் கோடுகளும் இடைவெளிகளும் ஒவ்வொரு கலை அகலம் இருக்கப் பிழையின்றி வாசிப்பவருக்கு ஆறுக்கு ஆறு பார்வை என்கிறோம். ஒரு கலைக்கும் உட்பட்ட நுட்பம் அப்படிப்பட்ட கண்ணுக்கு ஒன்றோடொன்று கலந்துவிடும். வீட்டு அளவில் சொல்வதானால், பதினோரடிக்குச் சற்று அப்பால் வைத்த ஒரு மில்லிமீட்டர், கண்ணுக்கு ஒரு கலை.

இந்த ஒரே அளவை மனத்தில் வைத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வாருங்கள். ஐம்பத்தைந்து அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். அதில் 1920 புள்ளிகளை வரிசையாக நிறுத்தினால் ஒவ்வொன்றும் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏழடிக்குச் சற்று அப்பால் போனாலே ஆறுக்கு ஆறு பார்வைக்கு அவை தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகிவிடுகின்றன. 4கே-யின் புள்ளிகள் தம் முழு நுட்பத்தையும் காட்ட வேண்டுமானால் மூன்றரை அடிக்கு நெருங்கி உட்கார வேண்டும். 8கே-க்கு இரண்டடிக்கும் உள்ளே. நாற்பத்துமூன்று அங்குலத் திரையானால் ஹெச்.டி.யின் எல்லையே ஐந்தரை அடியில் வந்துவிடும். நம் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் கூடத்தின் ஒரு சுவரில் தொலைக்காட்சியையும் எதிர்ச்சுவரில் இருக்கையையும் வைத்து, நடுவில் குழந்தைகள் படுத்துப் புரளவும், வந்தவர்களுக்குப் பாய் போடவும் இடம் விட்டு வாழ்கிற நமக்கு, மூன்றரை அடியில் உட்காருவது சாத்தியமும் அன்று, சௌகரியமும் அன்று.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது தர்மமாகாது. ஒரு கலை என்பது சராசரி விதியே தவிர, கண்ணின் கடைசி எல்லை அன்று. கூர்மையான இளம் கண்கள் அதற்கும் உள்ளே காணும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் மெட்டா நிறுவனத்தாரோடு சேர்ந்து 2025-ல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பாகைக்கு அறுபது புள்ளிகள் என்ற பழைய கணக்குப் போதாது என்றும், கறுப்பு வெள்ளை நுட்பங்களில் சராசரிக் கண் 94 புள்ளிகள் வரையில் பிரித்தறிகிறது என்றும் கண்டார்கள். என் ஒன்பதடியை இந்தப் புதிய கணக்கில் இட்டுப் பார்த்தேன். ஐம்பத்தைந்து அங்குல ஹெச்.டி. திரை பாகைக்கு 75 புள்ளிகள் கொடுக்கிறது. ஆகவே 94-க்குச் சற்றுக் குறை உண்டு. 4கே திரை 151 கொடுக்கிறது. அந்தக் குறை தீர்ந்து மேலும் வழிகிறது. 8கே கொடுப்பதோ 302, காணக்கூடியதன் மூன்று மடங்குக்கும் மேல். ஆக, நான் வாங்கிய 4கே முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டேன்; நல்ல படமும் கூரிய கண்ணும் சேர்ந்தால் அதில் மெல்லிய ஒரு லாபம் இருக்கிறது. அதற்கு அப்பால் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கண்ணுக்கு எட்டாத புள்ளிகளுக்குக் கொடுப்பதே. அதே பரிசோதனையில், மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்ட வர்ண பேதங்களில் கண்ணின் சக்தி 53 புள்ளிகளோடு நின்றுவிடுகிறது என்பதையும் கண்டார்கள்; வர்ணத்தில் நம் கண் அவ்வளவு நுட்பமானதன்று.

இந்தப் பலவீனத்தை ஒளிபரப்புத் துறையினர் நெடுங்காலமாகவே அறிவார்கள். நம் வீட்டுக்கு வந்து சேரும் 4கே படத்தில் வெளிச்சத்தின் விவரமே முழு நுட்பத்தோடு வருகிறது. வர்ணத்தின் விவரம் நாலில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டு, ஹெச்.டி. அளவிலேயே வருகிறது. நாம் ஒருவரும் அதைக் கண்டுபிடித்ததில்லை.

ஆராய்ச்சிக் கூடத்துக் கோடுகளையும் கட்டங்களையும் விட்டுவிட்டு நிஜமான திரைப்படத்தை வைத்தே சோதிக்கலாகாதா என்றால், அதுவும் நடந்தது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தார், பிக்ஸார், அமேசான், எல்.ஜி. ஆகியோரோடு சேர்ந்து 139 பேரை உட்கார வைத்து, 88 அங்குல 8கே திரை ஒன்றில் ஒரே காட்சியை 4கே-யாகவும் 8கே-யாகவும், எது எதுவென்று சொல்லாமல், மாற்றி மாற்றிக் காட்டி அபிப்பிராயம் கேட்டார்கள்; 2020-ல் அதன் முடிவு வெளியாயிற்று. பெரும்பாலோர் பேதம் இல்லை, அல்லது மிகச் சொற்பம் என்றார்கள். சராசரியைவிடக் கூரிய பார்வை உள்ளவர்கள், அதுவும் ஐந்தடித் தூரத்து முன்வரிசையில் அமர்ந்தவர்கள், சில காட்சிகளில் சிறிதளவு உயர்வைக் கண்டார்கள். எண்பத்தெட்டு அங்குலத் திரையை எதிரே ஐந்தடியில் வைத்துக்கொண்டு வாழ்கிற வீடு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இதை வைத்து 8கே-யைக் கண்டுபிடித்தவர்கள் அறிவிலிகள் என்று யாரும் எண்ணலாகாது. ஜப்பானின் பொது ஒளிபரப்பு ஸ்தாபனமாகிய என்.எச்.கே., டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த 1964-ம் ஆண்டிலேயே உயர்துல்லியத் தொலைக்காட்சிக்கான ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. அவர்கள் எழுப்பிய கேள்வி மிக உயர்ந்த கேள்வி: ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல் அல்லாமல், காட்சிக்குள்ளேயே இருப்பதுபோன்ற உணர்வு மனிதனுக்கு உண்டாக வேண்டுமானால், படம் அவன் பார்வையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும்? திரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் உட்காருவதற்கென ஹெச்.டி. வகுக்கப்பட்டது. 8கே-க்கு அவர்கள் வகுத்த தூரம் திரை உயரத்தில் முக்கால் பங்கு. எங்கள் வீட்டுத் திரைக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஒரு முழத்துக்குச் சற்று மேல். பார்வையின் நூறு பாகையையும் படத்தால் நிரப்ப வேண்டும் என்ற அந்த மகத்தான நோக்கத்துக்கு, பெரிய அரங்கமும் அரங்கத்தளவு திரையும் தக்க இடம். 2018 டிசம்பர் 1-ம் தேதி அவர்கள் தங்கள் நாட்டில் 8கே ஒளிபரப்பையும் தொடங்கினார்கள். நோக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக் கூடத்துச் சுவரில் மாட்டியது வியாபாரம் செய்த காரியம்.

“உயர்துல்லியம்” என்ற சொல்லே காலந்தோறும் பொருள் மாறி வந்த சொல். ஜான் லோகி பேர்டு 1926 ஜனவரியில் லண்டனில் காட்டிய முதல் படம் முப்பது கோடுகளால் ஆனது. பி.பி.சி. 1936 நவம்பரில் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து முறையான ஒளிபரப்பைத் தொடங்கியபோது பேர்டுடைய முறை 240 கோடுகளும் மார்கோனி-இ.எம்.ஐ. முறை 405 கோடுகளும் கொண்டிருந்தன. அவற்றையே அக்காலத்து அறிஞர்கள் உயர்துல்லியம் என்று மெய்யாகவே அழைத்தார்கள். அன்றைய சிறிய திரைக்கு அது பொருத்தமான பெயரே.

திரையின் அளவே பிரதானம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2006 முதல் அரசாங்கம் இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி பதினான்கு அங்குலம். கிராமத்துத் திண்ணையை ஒட்டிய அறையில், மரப்பலகை மீது பூப்போட்ட துணி போர்த்தி வைத்த அந்தப் பெட்டியின் முன்னால் ஏழெட்டுப் பேர் தரையில் அமர்ந்து பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். படம் மங்கல் என்று அன்றைக்கு ஒருவரும் குறை சொன்னதில்லை. அதன் காரணம் அவர்களுடைய எளிமை மாத்திரம் அன்று. ஒரு சாணுக்கும் குறைவான உயரமுள்ள அந்தத் திரையில் 576 கோடுகள் அடங்கியிருந்தன. நாலடிக்கு அப்பால் அமர்ந்த கண்ணுக்கு அந்தக் கோடுகள் கலந்து படம் பூரணமாகவே தெரிந்தது. அதே 576 கோட்டுப் படத்தை இன்று ஐம்பத்தைந்து அங்குலத்துக்கு இழுத்து விரிக்கிறோம்; விரித்த பிறகு மங்கல் என்று குறைப்படுகிறோம்.

இப்போது நான் மிகவும் வருந்துகிற இடத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கோவில் கும்பாபிஷேகத்தை நேரடியாக ஒளிபரப்பினார்கள். நடக்க முடியாத என் தாயார், குளித்து நெற்றிக்கிட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே புதுத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். யாகசாலைப் புகை எழும்பியபோதே படம் தடுமாறத் தொடங்கிற்று. கோபுரத்து உச்சியில் கலசத்தின் மேல் தீர்த்தம் விழ, கீழே ஆயிரக்கணக்கான ஜனங்கள் கைகளை உயர்த்த, மேலிருந்து மலர் தூவிய அந்தக் கணத்தில் படம் முழுவதும் சதுரம் சதுரமாகச் சிதைந்து, மலர் எது, நீர் எது, மனிதர் யார் என்று தெரியாத ஒரு வர்ணக் குழம்பாயிற்று. பிறகு கர்ப்பக்கிருகத்தில் கற்பூர ஆரத்தி. “ஏம்ப்பா, ஆரத்தி காட்டுற நேரத்துல சாமி முகம் கட்டம் கட்டமா உடைஞ்சு போகுதே, கண்ணாடியத் தொடைக்கட்டுமா?” என்று அம்மா என்னைக் கேட்டார்கள். அவர்களுடைய மூக்குக் கண்ணாடியில் பிழை ஏதும் இல்லை.

நேர்ந்தது இதுதான். படத்தின் முழு விவரத்தையும் அப்படியே அனுப்ப எந்த வழியும் தாங்காது. 4கே திரைப்படம் ஒன்றைச் சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 480 கோடி பிட் தகவல் ஓட வேண்டும். இணையத்தில் அதற்கு உசிதம் என்று சொல்லும் வேகமோ ஒன்றரைக் கோடி பிட், முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சியதையெல்லாம் யந்திரம் ஊகித்து நிரப்புகிறது: சென்ற படச்சட்டத்தில் இருந்த சுவர் இந்தச் சட்டத்திலும் அங்கேதான் இருக்கும், பேசுகிறவருடைய தோள் இவ்வளவுதான் நகரும் என்று. செய்தி வாசிப்பவர் விஷயத்தில் இந்த ஊகம் அற்புதமாகப் பலிக்கிறது. புகையும் நீரும் தீச்சுடரும் ஜனத்திரளும் ஊகத்துக்கு அடங்குவன அல்ல. அங்கே கொடுத்த தகவல் போதாமல் படம் கட்டங்களாக உடைகிறது. கொட்டகையில் விநாடி தோறும் பூத்துச் சொரிகிற காட்சிகளெல்லாம் வீட்டில் முதலில் கெடுவது இதனால்தான். ஒரே செயற்கைக்கோள் அலைவரிசையில் எத்தனை சானல்களை அடக்கலாம் என்ற கணக்கில் ஒவ்வொரு சானலின் பங்கும் மெலிந்துபோக, அந்த மெலிந்த படத்தையே நம் பெட்டி நாலு லட்சம் புள்ளியிலிருந்து 83 லட்சம் புள்ளியாகப் பெருக்கிக் காட்டுகிறது. இல்லாத விவரத்தை எந்தத் திரையும் உண்டாக்க முடியாது. உள்ள குறையை விரித்துக் காட்டத்தான் முடியும். நம் வீடுகளில் அன்றாடம் ஓடும் தமிழ்ச் சானல்களில் பெரும்பாலானவை பழைய அளவிலோ ஹெச்.டி.யிலோதான் வருகின்றன என்பதை நினைத்தால், 8கே பெட்டியில் மெகாத்தொடர் பார்ப்பதில் நாம் எதைப் பெறுகிறோம் என்பது விளங்கும்.

கிரிக்கெட்டுக்காகவாவது வேண்டாமா என்று என் மைத்துனர் கேட்டார். ஐ.பி.எல். பந்தயங்கள் இணையத்தில் 4கே-யில் வந்தது உண்மை. ஆடுகளத்தின் வெடிப்புகள், மட்டையின் இழைகள் எல்லாம் நிற்கும்போது அழகாகத்தான் தெரிகின்றன. ஆனால் பந்து ஓடும்போதும், அதைத் தொடர்ந்து காமிரா எல்லைக்கோடு வரை திரும்பும்போதும், நம் கண்ணும் அதன் பின்னே ஓடுகிறது. அப்போது நுட்பம் முழுவதும் மங்கி இழுபடுகிறது. அந்த மங்கலை நீக்குவது விநாடிக்கு அதிகச் சட்டங்கள், புள்ளிகள் அல்ல. 2012-ல் 4கே-க்கும் 8கே-க்கும் சர்வதேச விதி வகுத்தவர்கள் விநாடிக்கு 120 சட்டங்கள் வரை அதில் இடம் வைத்தார்கள். பெட்டியில் அச்சிடுவதற்கு 8கே என்பது சுலபமான எழுத்து. விநாடிக்கு எத்தனை சட்டம் என்பதை விளக்கிச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

படத்தில் கண்ணை முதலில் கவர்வது எது என்று என்னைக் கேட்டால், இருளும் ஒளியும் என்பேன். ஒரு நல்ல கறுப்பு, அதன் பக்கத்தில் ஒரு நல்ல வெளிச்சம். இவை சரியாக அமைந்தால் படத்துக்கு ஆழமும் கூர்மையும் தாமாகவே வந்துவிடுகின்றன. அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் அந்தப் பேதம் குறைவதில்லை. மலிவான எல்.சி.டி. திரையில் பின்னாலிருக்கும் விளக்கு கறுப்பின் வழியாகவும் கசிந்து, இரவுக் காட்சிகளைச் சாம்பல் பூசியதுபோல் ஆக்குகிறது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் ஓ.எல்.இ.டி. திரையிலோ, பின்விளக்கைப் பகுதி பகுதியாக அடக்கும் நல்ல எல்.சி.டி.யிலோ அதே காட்சியைப் பாருங்கள். விளக்கை ஏந்தி ஒரு பெண் இருட்டுத் தாழ்வாரத்தில் நடந்து வருகிறாள் என்றால், சுடருக்குச் சுடரின் வெம்மையும் தூண்களுக்குத் தூண்களின் நிழலும் இருக்கும். எச்.டி.ஆர். என்று இப்போது சொல்லப்படுவது இந்த ஒளி வீச்சைப் பெருக்கும் முறையே; உரிய பிரகாசமுள்ள திரையில், உரிய முறையில் எடுத்த படத்துக்கு, அது புள்ளிகளை நாலு மடங்காக்குவதைவிட மேலான லாபம். இதே பணத்தில் 8கே-யா, நல்ல கறுப்பா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தால் ஒரு கணமும் தயங்காமல் கறுப்பைத் தேர்ந்தெடுங்கள். பகலில் ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை போடுவதும் படத்துக்குச் செய்கிற பெரிய உபகாரம்.

சப்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல் கனத்துக்கு மெலிந்துவிட்ட பெட்டிகளில் ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ சுவரைப் பார்த்தோ அமைந்திருக்கின்றன. வசனத்துக்கே பெயர்பெற்ற நம் சினிமாவில் வசனம் கேட்காமல் எழுத்துக்களைப் போட்டுக்கொண்டு பார்க்கிற நிலைக்கு நாம் வந்திருப்பது எனக்கு மிகுந்த துக்கத்தைத் தருகிறது.

நாற்பத்துமூன்று அங்குலத்துக்கு மேல் இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 4கே-யாகவே இருப்பதால், புதிதாக வாங்குகிறவர் அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. எழுபத்தைந்து அங்குலத் திரையை எட்டடியில் வைக்கும் வசதி உள்ளவருக்கும், புரஜெக்டரில் சுவர் நிறையப் படம் பார்ப்பவருக்கும் அது தகுந்ததே. நான் சொல்வது வேறு. நன்றாக ஓடுகிற ஹெச்.டி. பெட்டியை எண் பழையதாகிவிட்டது என்பதற்காகக் கழற்றிக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம். 2010-ல் முப்பரிமாணத் தொலைக்காட்சி இல்லாத வீடு வீடே அன்று என்பதுபோல் பிரசாரம் நடந்தது. 2017-க்குள் பெரிய நிறுவனங்கள் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச் முதல் தொலைக்காட்சிகளின் மின்செலவுக்கு விதித்த வரம்பில் 8கே பெட்டிகள் அடங்கத் திணறின. புள்ளிகள் சிறுக்கச் சிறுக்க ஒளி புகும் துவாரமும் சிறுத்து, அதே வெளிச்சத்துக்கு அதிக மின்சாரம் தேவைப்படுவதே காரணம். காணாத நுட்பத்துக்காக மின்கட்டணமும் கட்ட வேண்டுமா?

பெட்டியின் மேல் புள்ளிகளின் எண்ணை அச்சிடுகிறவர்கள், அந்தப் புள்ளிகளின் பலன் எத்தனை அடி வரையில் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று விதி செய்யலாம். ஹெச்.டி. என்று தனிச் சந்தா வாங்குகிற சானல் விநாடிக்கு இத்தனை பிட்டுக்குக் குறையாமல் அனுப்ப வேண்டும் என்றும் விதி செய்யலாம். திருவிழாவும் தேரும் ஜல்லிக்கட்டும் ஒளிபரப்பாகும் நாட்களில் அந்தச் சானலுக்கு மட்டுமாவது அதிக இடம் ஒதுக்குவது அசாத்தியமான காரியம் அன்று.

துல்லியம் எவ்வளவு இருந்தாலும் போதாது என்று நான் கருதுகிற இடமும் ஒன்று உண்டு. அது படச்சுருள் காப்பகம். சத்யஜித் ராயின் “பதேர் பாஞ்சாலி” முதலான அபூ வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993-ல் லண்டனில் நடந்த தீ விபத்தில் கருகிப்போயின. கருகி, உலர்ந்து, ஒட்டிக்கொண்ட அந்தச் சுருள்களில் மீட்க முடிந்தவற்றை இத்தாலியின் பொலோனா நகரத்துத் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் கையாலேயே செப்பனிட்டு, சட்டம் சட்டமாக 4கே-யில் பதிவு செய்து, 2015-ல் உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அரவிந்தனின் “கும்மாட்டி” என்ற மலையாளப் படத்தையும் அங்கேயே மீட்டார்கள். பதிவு செய்யும்போது நுட்பம் குறைந்தால் அது என்றென்றைக்கும் குறைந்ததே. நெகட்டிவ் நாளுக்கு நாள் அழிந்துகொண்டிருக்கிறது. அங்கே நிறைவாக எடுத்ததைப் பின்னால் ஹெச்.டி. அளவுக்குச் சுருக்கினாலும், முதலிலேயே ஹெச்.டி.யில் எடுத்ததைவிட அது கூர்மையாக இருக்கும். துல்லியம் தேவைப்படுவது படம் பிறக்கும் இடத்திலும் காக்கப்படும் இடத்திலும். நம் பழைய தமிழ்ப் படங்கள் எத்தனையோ, நெகட்டிவும் இல்லாமல் பிரதியும் இல்லாமல் அழிந்தே போயின. எஞ்சியவற்றில் பல, தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்த வெளிறிய நகலாகவே இன்று கிடைக்கின்றன. கூடத்துச் சுவருக்கு நாம் செலவழிக்கிற பணத்தில் சிறு பகுதி இந்தக் காரியத்துக்கு வந்தால் போதும்.

பி.ஆர். பந்துலுவின் “கர்ணன்” 1964-ல் வெளிவந்தது. டிஜிட்டல் முறையில் சீரமைத்து 2012-ல் மீண்டும் கொட்டகைகளில் திரையிட்டார்கள். சீரமைத்த அந்தப் படத்தின் ஹெச்.டி. பிரதி ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் போட்டேன். சோபாவை இரண்டடி முன்னால் இழுத்தோம், ஜன்னலை மூடினோம், படத்தை வழவழப்பாக்குவதாகச் சொல்லும் ஓர் ஏற்பாட்டைப் பெட்டியில் அணைத்துவிட்டு, சிறிய ஒலிபெருக்கி ஒன்றை அதன் கீழே வைத்தேன். சிறுபெண்ணாக இருந்தபோது டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் என் தாயார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர்கள், சிவாஜியின் முகம் திரை நிறைய வந்தபோது முன்னால் சாய்ந்து, “காதுல போட்டிருக்கிற குண்டலத்துல கல்லு கல்லாத் தெரியுது பார்” என்றார்கள்.